தோடியின் காந்தாரத்தைக் கூறு போடாதீர்கள்

பாடுகிறவரின் குரல் எந்த நொடியில் எந்தச் சுரஸ்தானத்தில் இருக்கிறது என்று கோடு போட்டுக் காட்ட இப்போது போனிலேயே செயலிகள் வந்துவிட்டன. கர்நாடக இசை கற்கும் பிள்ளைகள் பலர் அதை வைத்துத்தான் தோடி ராகத்தைப் படிக்கிறார்கள். அதன் ‘க’ சுரமான காந்தாரம் எங்கே கிளம்புகிறது, எதைத் தொடுகிறது, எத்தனை முறை ஆடுகிறது என்று குறித்துக்கொண்டு பாடுகிறார்கள். டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் மணிக்கணக்காக விரித்த ராகத்துக்கா இந்த நிலை என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

ஏட்டின்படி தோடி எட்டாவது மேளம், அதாவது தாய் ராகம்; அதற்குச் ‘சாதாரண காந்தாரம்’ என்ற வகை. ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்தி, மற்ற சுரங்களையும் நேராகவே வாசித்துப் பாருங்கள், சிந்துபைரவி ராகத்தின் சாயல்தான் அடிக்கும். தோடியின் காந்தாரம் அந்த இடத்தில் நிற்பதே அரிது. கீழே உள்ள சுத்த ரிஷபத்தின் (ரி) பக்கமிருந்து கிளம்பி மேலே உள்ள சுத்த மத்யமம் (ம) வரை போய்த் திரும்பும் அசைவு அது. ஏறும்போது ஒரு விதம், இறங்கும்போது வேறு விதம். மெதுவான சவுக்கத்தில் அகன்று ஆடும்; வேகமான துரிதத்தில் மத்யமத்திலிருந்து ஒரு தட்டோடு சரி. முன்னும் பின்னும் வரும் சுரங்களோடு சேர்ந்த பிடியாக, ஒரு சிறு சுரக்கோவையாகத்தான் அது உயிரோடு இருக்கும்.

தனியே பிய்த்தெடுத்துப் பழகினால் குரல் சாதாரண காந்தாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு மேலும் கீழும் சம அளவில் நடுங்கும். ஒரு பக்கம் அழுத்தி, மறுபக்கம் தொட்டு விலகும் அந்த நயம் போய்விடும். பதிவை வேகம் குறைத்துக் கேட்பதிலும் இதே ஆபத்து உண்டு. முக்கால் வேகம் உதவும். கால் வேகத்தில், ஒரே அசைவாக விழுந்தது ரி, ம, ரி, ம என்று உதிரியாகிவிடும். அப்புறம் முழு வேகத்தில் கேட்டாலும் காது துண்டுகளையே எண்ணிக்கொண்டிருக்கும்.

தம்புராவைச் சேர்த்துக்கொண்டு ஒரே ஒரு பிடியை எடுங்கள். நாலைந்து வினாடிக்கு மேல் வேண்டாம். சுரம் சொல்லாமல், எழுதாமல், ‘ஆ’ என்ற அகாரத்திலேயே குரலில் படியும்வரை பாடுங்கள். படிந்த பிறகு சுரம் போட்டுப் பாருங்கள். இடறுகிற இடத்துக்கு மட்டும் செயலியைத் திறந்தால் போதும்.

ஆராய்ச்சியே கூடாது என்று சொல்ல மாட்டேன். சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்தில் கமகங்கள் என்னும் சுர அசைவுகளுக்குக் குறியீடு வைத்துக் கீர்த்தனைகளை அச்சேற்றியது நமக்குப் பெரிய கொடை. ஆனால் அந்தக் குறியீட்டைப் படிக்கவும் காது முன்பே பழகியிருக்க வேண்டும்.

ரசிகர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆலாபனை தொடங்கியதுமே மடியில் போனை வைத்து ராகம் தேடாதீர்கள். பேகடை ராகத்தின் மத்யமம் வழக்கமான இடத்தைவிடச் சற்று ஏறி நிற்கும், நிஷாதம் (நி) சற்று இறங்கி நிற்கும். செயலி அதை அளவு தவறியதாகத்தான் காட்டும். கேட்டுப் பழகியவருக்கோ அந்த மத்யமம் ஒன்றே பேகடையைக் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் தெரியாவிட்டால் கச்சேரி முடிந்ததும் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம்.