சீக்கிரம் வேறு, முழு அளவு வேறு
விபத்தில் சிக்கி ஐசியூவில் இருப்பவருக்கு முதல் நாளே முழுக் கலோரியும் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. ரத்த அழுத்தம் ஓரளவு நிலைப்பட்டதும், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மூக்குக் குழாய் வழியாகக் கொஞ்சமாக ஆரம்பித்து, சில நாட்களில் படிப்படியாக ஏற்றுவதுதான் இன்றைய முறை. 2011இல் வெளியான பெல்ஜியத்தின் எபானிக் (EPaNIC) ஆய்வில் 4,640 ஐசியூ நோயாளிகள். குழாய் உணவில் போதாமல் போன கலோரியை ரத்தக்குழாய் வழியாக உடனே ஈடுகட்டப் பெற்றவர்களைவிட, ஒரு வாரம் பொறுத்து அதைப் பெற்றவர்களுக்கே தொற்று குறைவு. (அதில் இதய அறுவை சிகிச்சைக்காரர்களே அதிகம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) என் தம்பி பைக் விபத்தில் தலையில் அடிபட்டுக் கிடந்தபோது குழாய் உணவை மணிக்கு 20 மில்லி என்று தொடங்கினார்கள். "பிள்ளையைப் பட்டினி போடுறாங்களே" என்று அம்மா அழுதார். நானும் நர்ஸிடம் சண்டை போட்டேன்; ஐந்தாம் நாள்தான் முழு அளவுக்கு வந்தது, வயிறும் தாங்கியது. 'குளுக்கோஸ் ஏறுகிறதே, போதாதா' என்று கேட்பவர்களுக்கு: 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (அந்தக் குளுக்கோஸ் பாட்டில்தான்) ஒரு லிட்டருக்குச் சுமார் 170 கலோரிதான், புரதம் துளியும் கிடையாது. தசை கரைவதை அது நிறுத்தாது. பத்தே நாளில் தம்பியின் தொடை எப்படி வற்றிப்போனது என்று கண்ணால் பார்த்தவன் நான்.