மிமோசாவையும் சொல்லியிருக்கலாம்

ரஷ்யாவில் மார்ச் 8, மகளிர் தினத்தன்று பெண்களுக்குப் பூ கொடுப்பார்கள் என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கே மருத்துவம் படித்தவன் என்பதால் கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதல் வருடம் எங்கள் ஆசிரியைக்கு நாலு ரோஜா வாங்கப் போனேன். பூக்காரப் பாட்டி பதறிப்போய் ஒன்றை உருவிக்கொண்டு மூன்றாகக் கொடுத்தார். இரட்டைப்படை என்றால் இறந்தவர்களுக்கு வைப்பது, உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படைதான். அந்தப் பாட்டி இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்!

டியூலிப்பும் உண்டு. ஆனாலும் மார்ச் 8 என்றால் மிமோசாப் பூதான். குட்டிக் குட்டி மஞ்சள் உருண்டைகள், தொட்டால் கையெல்லாம் மகரந்தம். கருங்கடல் கரையிலுள்ள சோச்சி, அப்காசியா பக்கமிருந்து வரும். நம் கொடைக்கானலில் நிற்கிற வாட்டில் மர வகைதான் அது! தெருவில் பனி இன்னும் உருகாமல் கிடக்க, அந்த மஞ்சளைப் பார்த்தால் மனசே நிறைந்துவிடும்.

அப்புறம், 1917-இல் இதே நாளில்தான் பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். ஏழே நாளில் ரஷ்யப் பேரரசரான ஜார் முடி துறந்தார். 1965-இல் சோவியத் அரசு மார்ச் 8-ஐ விடுமுறை நாளாக அறிவித்தது. பூ கொடுக்கும்போது அந்தப் பெண்களையும் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.