இரண்டு கோடிப் பேர் போதாதாம்

2017 அக்டோபரில் ஃபேஸ்புக்கின் மார்க் ஜக்கர்பெர்க் மேடையேறி, நூறு கோடிப் பேரை விஆருக்குள் (வர்ச்சுவல் ரியாலிட்டி; தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உள்ளே போகும் கம்ப்யூட்டர் உலகம்) கொண்டுவர விரும்புகிறோம் என்றார். எந்த வருஷத்துக்குள் என்று சொல்லவில்லை. கெட்டிக்காரர். 2023 தொடக்கத்தில் அவருடைய கம்பெனியின் (ஃபேஸ்புக்தான், இப்போது பெயர் மெட்டா) உள்கூட்டம் ஒன்றில் பேசியது வெளியே கசிந்தது. அதுவரை விற்ற அதன் குவெஸ்ட் விஆர் ஹெட்செட்டுகள் ஏறக்குறைய இரண்டு கோடி. புதிதாக வாங்குகிறவர்கள் முதலில் வாங்கியவர்கள் அளவுக்கு அதைத் தொடர்ந்து மாட்டுவதில்லை என்றும் அதே கூட்டத்தில் சொன்னார்களாம்.

அன்றிலிருந்து 'விஆர் செத்துப்போச்சு' கட்டுரைகள் மாதம் ஒன்று வருகின்றன. எனக்கு அந்தக் கட்டுரைகள் மீதும் கோபம், அந்த நூறு கோடி மீதும் கோபம். இரண்டாவதின் மேல்தான் அதிகம்.  

இரண்டு கோடி என்பது சின்ன எண்ணா? நிண்டெண்டோவின் கேம்கியூப் என்ற வீடியோகேம் கருவி தன் வாழ்நாள் முழுக்க உலகம் பூராவும் விற்றது 2.17 கோடிதான். சுமாராகப் போன கருவி என்றுதான் அதைச் சொல்வார்கள். ஆனால் அதைத் தோல்வித் தொழில்நுட்பம் என்று யாரும் இரங்கற்பா பாடவில்லை. அதில் வந்த விளையாட்டுகளை இன்றும் தேடிப்பிடித்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுக் கருவி என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் குவெஸ்ட் மானத்தோடு நிற்கும். அதைக் கொண்டுபோய் செல்போன் பக்கத்தில் நிறுத்தியவர்கள் அதை விற்கிறவர்களேதான்.

சரி, ஏன் செல்போன் மாதிரிப் பரவவில்லை? இத்தனை வருஷமாக ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னார்கள். அந்தக் காரணங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். 1968இல் ஐவன் சதர்லேண்ட் செய்த முதல் தலைக்கருவி கூரையிலிருந்து இறங்கும் ஒரு கம்பத்தோடு பிணைந்திருந்தது. கம்பியால் கோடிழுத்த மாதிரியான உருவங்கள்தான் தெரியும். எண்பதுகளில் ஜேரன் லேனியரின் கம்பெனி செய்தது சாதாரண ஆள் தொடமுடியாத விலை. 1995இல் நிண்டெண்டோ விட்ட வர்ச்சுவல் பாய் சிவப்பும் கறுப்புமாக மட்டும் காட்டியது. ஒரு வருஷத்துக்குள் கதை முடிந்தது. 2012இல் பால்மர் லக்கி, ஆக்யுலஸ் என்ற தன் கம்பெனியின் ஹெட்செட்டுக்காக, பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் இரண்டரை லட்சம் டாலர் கேட்டு இருபத்து நாலு லட்சம் வாங்கினார், 2014இல் ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு ஆக்யுலஸை வாங்கியது, 2016இல் அதன் ரிஃப்ட் ஹெட்செட் 599 டாலருக்குக் கடைக்கு வந்தது. அப்போது சொன்ன குறை: கூடவே நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், ஒயர் காலில் சிக்குகிறது, மேஜை மேல் சென்சார் வைக்க வேண்டும், விலை அதிகம்.

2020 அக்டோபரில் குவெஸ்ட் 2 வந்தபோது இந்தக் குறைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒயர் இல்லை, கம்ப்யூட்டர் வேண்டாம், சென்சார் உள்ளேயே இருக்கிறது, விலை 299 டாலர். போதாக்குறைக்கு உலகமே கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. விஆருக்கு இதைவிட நல்ல நேரம் இனி வாய்க்கப்போவதில்லை. நன்றாக விற்கவும் செய்தது. விற்றதில் எத்தனை இன்று பீரோ மேல் கிடக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆகவே அடுத்த மாடலில் பிக்சல் கூடும், எடை குறையும், அப்புறம் பாருங்கள் என்று யாராவது சொன்னால் நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

என்னிடமும் ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆசையாக எடுத்தால் சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறினால் அப்டேட். அது முடிந்தால் அறையின் எல்லையைத் தரையில் வரையச் சொல்லும். நாற்காலியை ஓரம்கட்டி, டீப்பாயைத் தூக்கி வைத்து, வரைந்து, மாட்டி, மூக்கருகே வெளிச்சம் புகாமல் இறுக்கி, உள்ளே போய் நிற்கும்போது வாசலில் மணி அடிக்கும். கழற்றினால் நெற்றியிலும் கன்னத்திலும் ரப்பர் அச்சு. சென்னை மே மாதத்தில் அந்த ஸ்பாஞ்ச் என்ன கதியாகும் என்று விளக்க விரும்பவில்லை. பவர் கண்ணாடி போடுகிறவர்கள், நீள முடியைப் பின்னி முடிந்திருப்பவர்கள், இரண்டு கண்களுக்கும் இடைவெளி குறைவாக உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் கூடுதல் பாடு. 2019இல் வந்த ரிஃப்ட் எஸ்ஸில் லென்ஸ்களின் இடைவெளியை நகர்த்தவே வழியில்லை. சராசரி ஆணின் முகத்துக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சராசரியாகப் பெண்களுக்கு அந்த இடைவெளி குறைவு என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன?

இதையெல்லாம் கூடச் சகிக்கலாம். ஹெட்செட் நம்மிடம் கேட்கிற பெரிய விஷயம் வேறு. இந்த அறையில் நீ இருக்காதே என்கிறது. போன் அப்படிக் கேட்பதில்லை. குக்கர் விசில் எண்ணிக்கொண்டே பார்க்கலாம், பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்க்கலாம், அத்தை பேசும்போது ஊம் கொட்டிக்கொண்டே பார்க்கலாம் (பார்க்கக் கூடாது, ஆனால் பார்க்கலாம்). டிவியும் அப்படித்தான், பாதிக் கவனம் போதும். ஹெட்செட்டுக்கு முழு ஆளும் வேண்டும். கண், காது, கை, தரை, ஒரு மணி நேரம். நம் வீடுகளில் யாரிடம் அப்படி ஒரு மணி நேரம் இருக்கிறது? இருந்தாலும், கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் கண்ணைக் கட்டிக்கொண்டு காற்றில் கை வீசினால் மற்றவர்களுக்கு அது சிரிப்பு, அவருக்கு லேசான கூச்சம்.

ஆப்பிளுக்கு இது புரிந்திருந்தது. 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு அவர்கள் விட்ட விஷன் ப்ரோவில் வெளிப்பக்கம் ஒரு திரை வைத்து, போட்டிருப்பவரின் கண்களைப் படமாகக் காட்டினார்கள். எதிரே இருப்பவர்களுக்கு அந்நியமாகத் தெரியக் கூடாதாம். 600 கிராமுக்கு மேல் எடை, பாக்கெட்டில் தனி பேட்டரி, இதற்கு மேலும் எடையும் செலவும் ஏற்றி இப்படி ஒரு திரை வைக்கிறார்கள் என்றால், முகத்தை மூடுவதுதான் ஆகப் பெரிய தடை என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்தக் கண்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. முகத்தை மூடிவிட்டு அதன் மேல் முகத்தை வரைகிற வேலை எடுபடவில்லை.

அப்புறம் தலைசுற்றல். ஊட்டி பஸ்ஸில் புத்தகம் படித்தால் குமட்டுமே, அதன் தலைகீழ் இது. பஸ்ஸில் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகர்கிறோம்' என்கிறது, பக்கத்தைப் பார்க்கும் கண் 'இல்லையே' என்கிறது. விஆரில் கண் 'பறக்கிறோம்' என்கிறது, காது 'சும்மாதானே நிற்கிறாய்' என்கிறது. இரண்டு சாட்சிகளும் மாற்றிச் சொன்னால் மூளை வயிற்றிடம் புகார் கொடுக்கிறது. மால்களில் ரோலர் கோஸ்டர் விஆர் நாற்காலி வைத்துக் காசு வாங்கினார்களே, அதுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு நம் ஊரில் நடந்த மோசமான விளம்பரம். உடல் அசையாமல் காட்சியை மட்டும் அசைப்பது எதை உண்டாக்குமோ அதையே பலருக்கு முதல் அனுபவமாகக் கொடுத்து அனுப்பினார்கள். இன்னொன்று, ஹெட்செட்டில் எல்லாம் ஒரே குவியத் தூரத்தில்தான் இருக்கும். கைக்கருகில் ஒரு பொருள் வந்தால் கண்மணிகள் உள்நோக்கித் திரும்பும், ஆனால் கண்ணின் லென்ஸ் தொலைவையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் கண் கனப்பது இதனால்தான். ஆய்வகங்களில் இதற்குத் தீர்வுகள் காட்டுகிறார்கள். கடைக்கு வரவில்லை.

இவ்வளவு இடைஞ்சலுள்ள ஒன்றில் ஏன் இப்படிக் காசு கொட்டுகிறார்கள்? மெட்டாவில் விஆர் கருவிகளைச் செய்யும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவின் நஷ்டம் 2022இல் 1,370 கோடி டாலர், 2023இல் 1,610 கோடி, 2024இல் 1,770 கோடி. பைத்தியம் இல்லை அவர்கள். 2021இல் ஆப்பிள் ஐபோனில் ஒரு சின்னக் கேள்வியைச் சேர்த்தது: இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா, வேண்டாமா? பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். 2022இல் இதனால் மட்டும் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று மெட்டாவின் நிதி அதிகாரியே சொன்னார். அடுத்தவன் போனில் குடியிருக்கும்வரை வீட்டுக்காரன் எப்போது வேண்டுமானாலும் கதவை அடைப்பான். சொந்தமாக ஒரு கருவி வேண்டும், அதில் நூறு கோடிப் பேர் வேண்டும். அவர்கள் கணக்கில் அது நியாயம். ஆனால் அது அவர்களுடைய தேவை. நம்மில் யாரும் போனை எறிந்துவிட்டு முகத்தில் மாட்டிக்கொள்ள ஒன்று கொடுங்கள் என்று கேட்கவில்லை.

அந்த அவசரத்தில் என்ன செய்தார்கள் என்பதற்குக் கால்களின் கதை போதும். மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற விஆர் உலகத்தில் எல்லோரும் இடுப்போடு முடிந்து மிதந்தார்கள். ஊரே சிரித்தது. 2022 அக்டோபரில், இதோ கால் வருகிறது என்று கம்பெனி காட்டிய வீடியோவில் ஜக்கர்பெர்க்கின் உருவம் குதித்துக் காட்டியது. அந்தக் காட்சி மோஷன் கேப்சர் (நிஜ ஆளின் அசைவைத் தனியாகப் பதிவுசெய்யும் முறை) வைத்துத் தயாரித்தது என்று பிறகு கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதே சமயத்தில் கொரில்லா டேக் என்று ஒரு விஆர் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனி ஆள் ஒருவர் தொடங்கியது. அதிலும் யாருக்கும் கால் கிடையாது! கொரில்லாக்கள் கையைத் தரையில் தட்டித் தட்டி ஓடும், மரத்தில் ஏறும், ஒருவரை ஒருவர் துரத்தித் தொடும். நாம் ஆடிய ஓடிப்பிடித்து விளையாட்டேதான். பசங்கள் மொய்த்தார்கள். வருமானம் 10 கோடி டாலரைத் தாண்டியது. அதில் ஆடுகிறவனுக்குக் கால் இல்லாதது நினைவுக்கே வராது, ஏனென்றால் நகர்வது அவனுடைய கை. அவன் சும்மா நின்றுகொண்டு மீட்டிங் கேட்கவில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஜோடி மெட்டாவர்ஸில் (பலர் ஒன்றுகூடும் கம்ப்யூட்டர் உலகம்) கல்யாண வரவேற்பு வைத்தது பெரிய செய்தியானது. மணப்பெண்ணின் காலமான அப்பாவையும் அவதாராக, அதாவது கம்ப்யூட்டரில் செய்த உருவமாக, அழைத்து வந்திருந்தார்கள். மனசைத் தொடுகிற யோசனைதான். விருந்தினர்கள் வந்து சேர்ந்தது எதில்? போனிலும் கம்ப்யூட்டரிலும். ஹெட்செட் யாரும் கேட்கவில்லை, தேவையும் படவில்லை.

ஹெட்செட் தேவைப்படுகிற இடங்கள் இருக்கின்றன, அங்கே அது சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது. வால்மார்ட் 2018இல் ஊழியர் பயிற்சிக்கென்று 17,000 ஹெட்செட்டுகளைத் தன் கடைகளுக்கு அனுப்பியது. நாள்பட்ட இடுப்பு வலிக்கான ஒரு விஆர் சிகிச்சையை 2021 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. பீட் சேபர் என்ற விஆர் விளையாட்டை ஆடி வேர்த்துக் கொட்டுகிறவர்களிடம் கேளுங்கள், ஜிம்மைவிட இதுதான் ஒழுங்காக நடக்கிறது என்பார்கள். இவை எல்லாவற்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. ஆரம்பம், முடிவு என்று ஒரு நேரம் ஒதுக்கி, மாட்டி, முடித்து, கழற்றி வைக்கிறார்கள். நாள் முழுக்க அதற்குள் வாழுங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை.

இப்போது காற்று கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டது. ரே-பேன் மெட்டா கண்ணாடி 2023 அக்டோபரிலிருந்து ஒன்றேகால் வருஷத்தில் 20 லட்சம் விற்றதாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். அதில் விஆர் துளியும் இல்லை. கேமரா, ஸ்பீக்கர், ஒரு ஏஐ. முகத்தை மூடாததால் விற்கிறது. சந்தோஷம். எனக்குக் கவலை, ஏற்கெனவே உள்ளே இருக்கும் அந்த இரண்டு கோடிப் பேரைப் பற்றி.

எக்கோ விஆர் என்று ஒரு விளையாட்டு இருந்தது. எடையில்லாத வெளியில் மிதந்து, சுவரை உதைத்துப் பாய்ந்து, தட்டை எறிந்து கோல் போடுவது. விஆர் தவிர வேறெதிலும் சாத்தியமே இல்லாத ஆட்டம். ரெடி அட் டான் என்ற ஸ்டூடியோ செய்தது, 2020இல் ஃபேஸ்புக் அதை வாங்கியது. 2023 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஆட்டத்தை மூடினார்கள். ஆடுகிறவர்கள் சில பத்தாயிரம் பேர்தான், அவர்களுக்காகச் செலவழிக்கும் ஆட்களை வேறு பெரிய வேலைக்குத் திருப்பலாம் என்பது மெட்டா சொன்ன காரணம். அந்தக் கம்பெனியிலேயே விஆரைக் கட்டியெழுப்பி, அதற்குச் சில மாதம் முன்னால் வெளியேறியிருந்த ஜான் கார்மேக், பத்தாயிரம் பேரே ஆடினாலும் அவர்கள் கையிலிருப்பதை அழிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஸ்டூடியோவையும் மூடிவிட்டார்கள்.