‘அவங்க படிச்சு என்ன ஆகப் போறாங்க?’

சனிக்கிழமை ராத்திரி எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள், நான் ஸ்கிரீன்ஷாட் போடப் போவதில்லை. அந்தப் பதிவைப் போட்டவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன், இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆனால் கம்யூனிட்டி காலேஜில் (அரசுப் பணத்தில் நடக்கிற இரண்டு வருஷக் காலேஜ்) ‘படிப்பு ஏறாதவங்களுக்கு’ கலிஃபோர்னியா நம் வரியைக் கொட்டுகிறது, பட்ஜெட்டில் முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான், ‘அவங்க படிச்சு என்ன ஆகப் போறாங்க’ என்று எழுதி, பக்கத்தில் மூன்று சிரிப்பு பொம்மை வேறு. அதற்குக் கட்டைவிரல் தூக்கிய பதினொரு பேரில் ஆறு பேர் இந்த வருஷம் எங்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டவர்கள்.

நான் அந்த குரூப்பில் இருக்கிறேன் என்பதும், என் பையன் எங்கே படிக்கிறான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சரி, அதை அப்புறம் பேசலாம்.

முதலில் எதை வெட்டச் சொல்கிறீர்கள் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு திட்டங்கள். ஒன்று டி.எஸ்.பி.எஸ்., உடல் ஊனம், பார்வைக் குறைவு, காது கேளாமை, டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடு உள்ள மாணவர்களுக்கு. 1976-இல் சட்டமாக வந்தது. இன்னொன்று ஈ.ஓ.பி.எஸ். (சிரிக்காதீர்கள், நம் ஊர் அ.தி.மு.க.வில் முன்பு இருந்த ஈ.பி.எஸ்.-ஓ.பி.எஸ். இரட்டைத் தலைமைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.) அது 1969-லேயே வந்துவிட்டது. வீட்டில் காசும் இல்லை, படிப்பிலும் பின்தங்கியவர்கள் என்கிற பிள்ளைகளுக்கு ஆலோசகர், புத்தகத்துக்குக் கொஞ்சம் பணம். சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை, ஒவ்வொரு செமஸ்டரிலும் மூன்று தடவை ஆலோசகரைப் போய்ப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளை மூன்று தடவை யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

‘வெட்டிப் பார்த்தால் என்ன’ என்கிறீர்கள். ஏற்கெனவே வெட்டிப் பார்த்தாயிற்று அண்ணா. 2009-இல் மாநிலமே காசோலைக்குப் பதில் கடன் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது இந்த இரண்டிலும் ஏறக்குறைய 40 சதவீதத்தை ஒரே வெட்டாக வெட்டினார்கள். டி.எஸ்.பி.எஸ். சுமார் 11.5 கோடி டாலரிலிருந்து 7 கோடிக்கும் கீழே போனது. பழைய இடத்துக்கு வர ஐந்தாறு வருஷம் ஆனது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வருஷம் நான் அங்கே இருந்தேன். கிரீன் கார்டு வந்த புதிது, ஒரு காலேஜின் டி.எஸ்.பி.எஸ். அறையில் மணிக்கணக்குச் சம்பளத்தில் வேலை. பதிப்பகம் கம்ப்யூட்டர் கோப்பு தராத பாடப்புத்தகங்களின் முதுகை வெட்டுவேன். ஆமாம், நூற்றைம்பது டாலர் புத்தகத்தை வெட்டுப் பொறியில் வைத்து, பக்கங்களை உதிர்த்து, ஸ்கேனரில் கொடுத்து, அது தப்பும் தவறுமாகப் படித்ததைத் திருத்துவேன். அப்போதுதான் பார்வையில்லாத மாணவருக்குக் கம்ப்யூட்டர் அதை வாசித்துக் காட்டும். ‘மாடர்ன்’ (modern) என்றிருப்பதை ஸ்கேனர் ‘மோடம்’ (modem) என்று படிக்கும். ஒரு சைக்காலஜி புத்தகம் முழுக்க ‘மோடம் சைக்காலஜி’. நாற்பது வயது தாண்டிய ஒரு அம்மாவுக்கான புத்தகம் அது. என் மணி நேரத்தைப் பாதியாக்கிய பிறகு, அவருக்கு நான்காவது பாடம் கைக்குப் போனது மிட்டெர்ம் முடிந்த மறு வாரம். வாசலில் நின்று, ‘பரவாயில்லை, நீ என்ன செய்வாய்’ என்றார். எனக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெட்டினால் செலவு மிச்சமும் ஆகாது. மாநிலம் காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், ஊனமுற்றோரை ஒதுக்கக் கூடாது என்கிற 1973 மத்திய சட்டத்தின் 504-ஆம் பிரிவும் 1990-இன் ஏ.டி.ஏ. என்ற ஊனமுற்றோர் உரிமைச் சட்டமும் இருக்கிறவரை காலேஜ் சைகைமொழிபெயர்ப்பாளரை வைத்தே ஆக வேண்டும். அந்தப் பணம் பொதுக் கணக்கிலிருந்து போகும், வேறு எங்கோ ஒரு வகுப்பு கழன்றுகொள்ளும். அங்கே வெட்டி இங்கே ஒட்டுவது, அவ்வளவுதான். ஈ.ஓ.பி.எஸ். பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஏழையாக இருப்பதற்கு ஏ.டி.ஏ. கிடையாதே.

‘ஏமாற்றுகிறார்கள்’ என்று சிலர் கிளம்புவார்கள். போலி மாணவர்கள் பெயரில் நிதியுதவித் திருட்டு நடந்தது உண்மை, நானும் படித்தேன். அது கம்ப்யூட்டர் வைத்துத் திருடுகிற கும்பல். ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்ற சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளை அல்ல. இதற்கு மேல் அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ‘இரண்டு வருஷப் படிப்பை ஆறு வருஷம் இழுக்கிறார்கள்’ என்றால், ஆமாம், சிலர் இழுக்கிறார்கள். அதனால்?

‘என் வரி’ என்பீர்கள். உங்கள் பெரியவன் ஹைஸ்கூலில் இருக்கும்போதே அதே கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸும் எகனாமிக்ஸும் எடுத்தானே, ஒரு யூனிட் (கிரெடிட்) படிப்புக்கு 46 டாலர் கட்டினீர்களா? ஹைஸ்கூல் பிள்ளை என்று கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள். அது யார் வரி? உங்கள் பிள்ளை வாங்கினால் கெட்டிக்காரத்தனம், இன்னொரு பிள்ளை வாங்கினால் ஓசி.

92-ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது மலைமேல் தெரியுமே சான் மட்டேயோ காலேஜ், ஊனமுற்றோர் உரிமைக்காகப் போராடிய எட் ராபர்ட்ஸ் அங்கேதான் தொடங்கினார். போலியோ. கழுத்துக்குக் கீழே அநேகமாக எதுவும் அசையாது, ராத்திரி மூச்சு விட உதவும் ‘இரும்பு நுரையீரல்’ இயந்திரத்துக்குள் தூக்கம். மேலே படிக்க உதவி கேட்டபோது, ஊனமுற்றோரை வேலைக்குத் தயார்ப்படுத்துகிற மாநில மறுவாழ்வுத் துறை, இவரால் எந்த வேலைக்கும் போக முடியாது என்று முதலில் மறுத்தது. போராடி வாங்கி 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகம் போனார். 1975-இல் கவர்னர் ஜெர்ரி பிரவுன் அவரை நியமித்தது எந்தப் பதவிக்குத் தெரியுமா? அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக. ‘படிச்சு என்ன ஆகப் போறாங்க’ என்றால், உங்கள் கோப்பில் கையெழுத்துப் போடுகிற ஆளாகவும் ஆவார்கள்.

எல்லோரும் எட் ராபர்ட்ஸ் ஆக வேண்டும் என்றும் இல்லை. என் பெரியப்பா மகனுக்குக் காது கேட்காது. ஊரில் ஐந்தாவதோடு நிறுத்தி மளிகைக் கடையில் உட்கார வைத்தார்கள். மனக்கணக்கில் அவனை அடிக்க ஆளில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவன் முகத்துக்கு நேரே அவனைப் பற்றியே பேசுவார்கள், கேட்காது என்ற தைரியத்தில். இட ஒதுக்கீட்டைப் பற்றி அதே கடைவாசலில் உட்கார்ந்து, ‘இவனுங்க படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறானுங்க’ என்று சிரித்தவர்களும் உண்டு. இத்தனை ஆயிரம் மைல் தள்ளி வந்து, டெஸ்லா ஓட்டிக்கொண்டு, அதே வாக்கியமா? மெரிட் என்ற சொல்லை எந்தப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தீர்கள்?

என் பையனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு என்ன உதவி வேண்டும் என்று பேச வருஷா வருஷம் அவர்களே கூப்பிட்டு மீட்டிங் வைத்தார்கள். காலேஜில் அது கிடையாது, பதினெட்டு வயது ஆனதும் அவனே போய், எனக்குக் காது சரியாகக் கேட்காது என்று சொல்லிப் பதிய வேண்டும். நான் போன் செய்தால் பேசக்கூட மாட்டார்கள். முதல் தடவை போய் வாசல் வரை நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். இரண்டாம் தடவை உள்ளே போனான். இப்போது வகுப்பில் எங்கிருந்தோ ஒருவர் கேட்டுக் கேட்டு டைப் அடிக்க, வாத்தியார் பேசுவது அவன் லேப்டாப்பில் வரிவரியாக ஓடுகிறது. ஜோக் சொன்னால் எல்லோரும் சிரித்து இரண்டு வினாடி கழித்து இவன் சிரிப்பானாம், அவனே சொன்னான். அந்த இரண்டு வினாடிக்குத்தான் உங்கள் வரி போகிறது அண்ணா. வலிக்கிறதா?

குரூப்பை விட்டு நான் வெளியேறவில்லை. அடுத்த சனிக்கிழமை பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து) பட்டியலில் என் பெயருக்கு நேரே தயிர்சாதம் இருக்கிறது, கொண்டு வருவேன். பையனும் வருவான். அவனிடம் பேசுவதாக இருந்தால் முகத்துக்கு நேரே பேசுங்கள். வாயில் வடையை வைத்துக்கொண்டு பேசினால் அவனுக்கு உதடு புரியாது.