வியாழனை வென்ற அலுமினியம்

தம்பி: அக்கா, கிரகங்களிலேயே கனமானது வியாழன்தான். ஒரு தட்டில் அதை வைத்தால் மறு தட்டில் 318 பூமியை வைக்கவேண்டும்.

அக்கா: வை. ஆனாலும் அலுமினியத்திடம் தோற்றுவிடும்.

தம்பி: எந்த அலுமினியம்?

அக்கா: எல்லா அலுமினியமும்தான். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம். வியாழனில் அதே அளவுக்குச் சராசரியாக 1.33 கிராம்தான் தேறும்.

தம்பி: அவ்வளவு பெரிய உடம்பில் இவ்வளவுதானா?

அக்கா: பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும். வேறென்ன தேறும்? சனி இன்னும் மோசம், 0.69.

தம்பி: சனி பிடித்தால் எழுந்திருக்கவே முடியாது என்பார்களே, அது தண்ணீரைவிட இலேசா?

அக்கா: மொத்தமாகப் பிடித்தால் எழுந்திருக்க முடியாதுதான், 95 பூமியின் எடை. சில்லறையாகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது.

தம்பி: அப்போது ஒரு பெரிய தொட்டியில் போட்டால் மிதக்குமா?

அக்கா: படம் அப்படித்தான் போடுகிறார்கள். அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் சேர்த்தால் அதுவே தன் ஈர்ப்பால் உருண்டு ஒரு கிரகமாகிவிடும். அப்புறம் எது எதில் மிதப்பது? இரண்டும் மோதிக் கலந்துவிடும்.

தம்பி: சனிக்கும் கீழே ஓர் உலோகம் இருக்கிறதா?

அக்கா: லித்தியம். 0.53.

தம்பி: சரி, மானத்தைக் காப்பாற்ற பூமியை இறக்குகிறேன்.

அக்கா: 5.51. எட்டு கிரகங்களில் முதலிடம். அலுமினியம் அவுட். 4.5 வைத்திருக்கும் டைட்டானியமும் அவுட்.

தம்பி: (எழுந்து நின்று) நம் பூமி!

அக்கா: உட்கார். இரும்பு 7.87.

தம்பி: பூமிக்குள் இருப்பதே இரும்புதானே?

அக்கா: நடுவில்தான் அதிகம். நாம் மிதிக்கும் பாறை 2.7, அலுமினியத்தின் அளவுதான். இருந்தும் சராசரி 5.51 வருகிறதே, அதனால்தான் உள்ளே கனமான சரக்கு இருப்பது தெரிகிறது.

தம்பி: அந்தச் சராசரி எப்படி வந்தது? பூமியை யார் எடை போட்டது?

அக்கா: ஹென்றி கேவண்டிஷ் என்ற ஆங்கில விஞ்ஞானி, 1798இல். 158 கிலோ ஈயக் குண்டு ஒரு சின்னக் குண்டை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார். பூமி அதை இழுப்பதோடு ஒப்பிட்டால் பூமியின் கணக்கு வந்துவிடும். அசைவு மிக நுணுக்கம். பக்கத்தில் போனால் உடம்புச் சூடே காற்றைக் கலைத்துவிடும் என்று அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தார்.

தம்பி: அந்த மரியாதை எனக்கு இல்லை. நான் எடை மெஷினில் ஏறினால் நீ தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறாய்.

அக்கா: உன் பூமியும் நேர்மையாக ஜெயிக்கவில்லை. தன் பாரத்தால் தன்னையே நசுக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த அழுத்தத்தில் மையத்தில் சுமார் 13, ஈயத்தையே தாண்டுகிறது. புதன் சின்னது, அவ்வளவு நசுங்கவில்லை, அப்படியும் 5.43. அழுத்தத்தைக் கழித்துக் கணக்குப் போட்டால் புதன்தான் முதல்.

தம்பி: தங்கத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது.

அக்கா: 19.3.

தம்பி: சொல்லாதே என்றேன்! போகட்டும், நான் எவ்வளவு?

அக்கா: மனித உடம்பு தண்ணீரை ஒட்டித்தான், சுமார் 1. சனியைவிட நீ அடர்த்தி.

தம்பி: நல்லதாகப் போயிற்று. இனி யாராவது எடை கேட்டால் ‘ஒன்று’ என்று சொல்லிவிடலாம்.

அக்கா: சொல். ‘டன்னா?’ என்று கேட்பார்கள்.