பங்கு கேட்காதவரை எல்லோரும் நல்லவர்கள்

கொங்கு மண்ணை வைத்துக் காதல் நாவல் எழுதும்போதெல்லாம் வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள்: "லவ் ஸ்டோரிக்குள்ள எதுக்குங்க இத்தனை பட்டா, பாகப்பிரிவினை, கெணத்துப் பங்கு?" நம் ஊரில் காதலுக்குக் குறுக்கே நிற்பது சாதி என்கிறோம், உண்மைதான். ஆனால் அந்தச் சாதி காலூன்றி நிற்பது காடு தோட்டத்தின் மேல். அதை விட்டுவிட்டுக் காதலை மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் ஆர். சண்முகசுந்தரம். 1942இல் வந்த அவருடைய 'நாகம்மாள்' வட்டார நாவல்களுக்கு முன்னோடி என்று ஒற்றை வரியில் முடித்துவிடுகிறோம். பேச்சு வழக்குக்காக மட்டும் அதைக் கொண்டாடுவது பெரிய அநியாயம். கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் குடும்பத்தோடு இருக்கிறாள். கெட்டியப்பனோடு அவளுக்குப் பழக்கம். ஊர் அதை வாய்க்கு வந்தபடி பேசுகிறது, அப்புறம் அதன் வேலையைப் பார்க்கிறது. அவள் நிலத்தில் பங்கு கேட்கும்போதுதான் எல்லாம் கொதிக்கிறது. கடைசியில் கொலை விழுகிறது.

விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுள்கால உரிமை தந்த சட்டம் 1937இல் வந்தது. ஆனால் விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947இல்தான். நாவல் அச்சான வருடத்தில், நாகம்மாள் மாதிரி ஒருத்தி காட்டில் பங்கு கேட்டால் அந்தச் சட்டம்கூடத் துணைக்கு வராது. அவள் கேட்டாள் என்பதே பெரிய விஷயம்.

சரி, இப்போது சட்டம் இருக்கிறதே? கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989லேயே தமிழ்நாடு சட்டம் போட்டது. நாடு முழுக்க வந்தது 2005இல். ஆனால் பத்திர ஆபீஸில் நடப்பது வேறு.

பிறந்த வீட்டுச் சொத்தில் தன் பங்கு வேண்டாம் என்று என் அத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தபோது பக்கத்தில் இருந்தேன். காலையிலேயே கார் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். பத்திரம் எழுதுபவர் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். நாலு பக்க எல்லை வந்த இடத்தில் மட்டும் அத்தை தலையைத் தூக்கினார். கிளுவை வேலி ஓரமாக அவர் ஆடு மேய்த்த காடு அது. ரேகை வைத்த விரலின் மையைச் சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டே, "பொறந்த ஊட்டு வாசப்படி வேணுமில்ல கண்ணு" என்றார்.

பங்கு கேட்டால் சீர் நின்றுபோகும், காதுகுத்துக்குத் தாய்மாமன் வர மாட்டார், நோம்பிக்கு ஒரு ஃபோன்கூட வராது. இதைப் பாசம் என்று சொல்ல என்னால் முடியாது. பாசத்தைப் பணயமாக வைத்து வாங்கும் கையெழுத்து இது. அடி நிலம்கூடத் தன் பேரில் இல்லாத பெண் ஒருவனை நேசித்தால், அதுவும் வேறு சாதிக்காரனை நேசித்தால், எங்கே போய் நிற்பாள்? திருப்பூர் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான் பல பெண்களுக்குத் தன் கல்யாணத்தைப் பற்றி வாய் திறக்கும் தைரியமே வந்தது என்று நான் நினைக்கிறேன்.

எதிர்ப்பு கிளம்பியதால் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் மீதான வழக்கில், எழுத்தாளர் மறுபடியும் எழுத வேண்டும் என்று 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அந்த நாவலிலும் குழந்தையில்லாத தம்பதியின் வேதனைக்குள் அவர்கள் சொத்து யாருக்குப் போகும் என்ற கேள்வி இருக்கிறது. எதிர்ப்புச் சத்தத்தில் அதைப் பற்றி நாம் பேசவே இல்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இப்போது எழுதும் நாவலில் ஒரு தங்கை பங்கு கேட்கிறாள். அண்ணன் கெட்டவன் இல்லை. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராமல் கடனில் நிற்கிறான், தென்னை காய்கிறது, பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். அவனையும் அன்போடுதான் எழுதுகிறேன், அதுதான் இந்த நாவலில் எனக்குக் கஷ்டமான பகுதி. ஆனால் அவன் கஷ்டத்தைக் காட்டி அவள் கேள்வியைச் சின்னதாக்க மாட்டேன்.