இன்சார்ஜ் சிஸ்டருக்குச் சாவிக்கொத்து மட்டும் போதுமா?

பத்தொன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த பிறகுதான் எனக்குக் கண்காணிப்பாளராக, அதாவது ஒரு வார்டைப் பொறுப்பேற்று நடத்தும் இன்சார்ஜ் சிஸ்டராக, பதவி உயர்வு வந்தது. முதல் நாள் கையில் கிடைத்தது ஒரு சாவிக்கொத்தும் ஏழு ஸ்டாக் ரிஜிஸ்டர்களும். பெட்ஷீட், டிரே, பிபி பார்க்கும் கருவி என்று எண்ணிச் சரிபார்த்து எழுந்தபோது மணி இரண்டு. வார்டில் அன்று யாருக்கு என்ன நிலைமை என்றே எனக்குத் தெரியாது. இன்றைக்கும் உறுத்துகிறது.

நர்ஸ்களுக்குத் தலைமைப் பண்பு போதாது என்று சொல்லக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நைட் டூட்டியில் நாற்பது நோயாளிக்கு இரண்டு பேர் நின்று, யாரை முதலில் பார்ப்பது, டாக்டரை எப்போது கூப்பிடுவது என்று முடிவெடுக்கிறோமே, அது என்ன? போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ஆள் குறைகிற நாளில் இன்சார்ஜும் ஊசி போடப் போய்விடுவார். அப்புறம் புதிதாக வந்த நர்ஸ் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

படிப்பிலும் குறையில்லை. வேலூர் சிஎம்சியில் 1946-லேயே நர்சிங் பட்டப்படிப்பு வந்துவிட்டது. எம்எஸ்சி முடித்தவர்கள் இன்று வார்டிலேயே வேலை பார்க்கிறார்கள். ஆனால் 2015-இல் தேர்வெழுதி, மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் அரசு வேலைக்கு வந்தவர்களுக்கு நிரந்தரமாவதே பெரும் போராட்டம். அவர்கள் எப்போது கண்காணிப்பாளர் ஆவது?

படிப்பும் அனுபவமும் இருந்தாலும் எங்கள் சொல்லைக் கேட்பது யார்? நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பார்வையாளர் நேரத்தை மாற்றினார்கள். நாங்கள் மருந்து கொடுக்கும் நேரமும் அதுவே. வார்டு முழுக்கக் கூட்டம், யார் நோயாளி, யார் உறவினர் என்றே தெரியவில்லை. முடிவெடுத்த கூட்டத்தில் நர்ஸ் ஒருவர்கூட இல்லை. போய்ச் சொன்னேன். "சொன்னதைச் செய்யுங்க சிஸ்டர்" என்றார்கள்.

போன மாதம் என் ஜூனியர் ஒருத்தி பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். நல்ல கைராசிக்காரி, நிதானமானவள். ஏன் என்று கேட்டேன். "வேற மாவட்டத்துக்குப் போகணும், புள்ளைங்க படிப்பு கெடும். போனாலும் போர்வை எண்ணத்தானே சிஸ்டர்?" என்றாள்.

ஸ்டாக் கணக்கை ஒரு கிளார்க்கிடம் கொடுங்கள். பொறுப்பேற்கும் முன் ஒரு மாதமாவது பயிற்சி கொடுங்கள். வார்டு பற்றிய முடிவை எடுக்கும் கூட்டத்தில் எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.